ரத்தம் சொல்லும் ரகசியம்: குழந்தையின் ஈரலில் தழும்பா?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது, முத்தையாபுரம். ஒரு காலத்தில் தனி ஊர். இப்போது தூத்துக்குடி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சுற்றிலும் உப்பளங்கள். கொஞ்சம் தள்ளி உரத் தொழிற்சாலை, துறைமுகம். அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடாக் கடல்.

1961-ம் ஆண்டு வரை அந்தக் கடலில் முத்துக் குளித்தார்கள்.

முத்துக் குளிப்பு தொடங்குவதற்கு முன்பு அரசாங்கம் ஒரு சோதனை நடத்தும். கடலுக்கு அடியில் சிப்பிகள் கிடக்கும் திட்டுக்கு "பார்" என்று பெயர். அங்கே ஆட்களை இறக்கி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை அள்ளி வரச் சொல்வார்கள். அவற்றைத் திறந்து முத்துக்களை எடுத்து மதிப்புப் போடுவார்கள். மதிப்பு நன்றாக இருந்தால்தான் முத்துக் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள்.

இதில் இரண்டு கஷ்டங்கள் உண்டு.

திறந்தால்தான் உள்ளே முத்து இருப்பது தெரியும். திறந்தால் சிப்பி செத்துப்போகும். இது முதல் கஷ்டம்.

அள்ளி வந்த சிப்பிகள் நல்ல இடத்துச் சிப்பிகளாக இருந்தால் மதிப்பு ஏறிவிடும். மோசமான இடத்துச் சிப்பிகளாக இருந்தால் மதிப்பு இறங்கிவிடும். இது இரண்டாவது கஷ்டம்.

குழந்தைகளின் ஈரல் நோயிலும் டாக்டர்கள் நெடுங்காலம் இதே இரண்டு கஷ்டங்களைப் பட்டார்கள். உள்ளே தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஈரலில் ஊசியை ஏற்றித் துணுக்கு எடுக்க வேண்டும். வேறு வழி இல்லாமல் இருந்தது.

இப்போது வேறு வழிகள் வந்திருக்கின்றன. கையில் எடுக்கும் கொஞ்சம் ரத்தத்தை வைத்தே ஈரலின் நிலைமையை ஓரளவு கணிக்கிறார்கள்.

அந்தக் கணக்கு என்ன? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? எங்கே நம்பக் கூடாது? குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

தழும்பு எப்படி விழுகிறது?

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புகளுக்குக் கீழே இருப்பது கல்லீரல். சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தைப் பக்குவம் செய்வது அதுதான். விஷத்தை முறிப்பது அதுதான். பித்தநீரைச் சுரப்பதும் அதுதான்.

கையில் வெட்டுக்காயம் பட்டால் ஆறிய பிறகு தழும்பு இருக்கிறது அல்லவா? ஈரலும் அப்படித்தான். கிருமியோ, விஷமோ, கொழுப்போ அதைத் திரும்பத் திரும்பப் புண்படுத்தினால், ஆறும் இடத்தில் எல்லாம் தழும்பு விழுகிறது.

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். வாய்க்காலில் மண் மேடிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் முன்னால் போகாமல் பின்னால் தேங்கும். ஈரலில் தழும்பு கூடினால் ரத்த ஓட்டமும் அப்படியே தேங்குகிறது. பின்னால் இருக்கும் மண்ணீரல் வீங்குகிறது. உணவுக் குழாயில் நரம்புகள் புடைக்கின்றன. அவை வெடித்தால் ரத்த வாந்தி!

தழும்பு முற்றி ஈரலே சுருங்கிப்போவதைத்தான் "சிரோசிஸ்" என்கிறார்கள்.

ஈரல் வாய் விட்டுச் சொல்லாத உறுப்பு. பாதிக்கு மேல் கெட்ட பிறகும் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது.

நல்ல செய்தியும் உண்டு. ஆரம்பத் தழும்பு மாறக்கூடியது. காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால், ஈரல் தன்னைத் தானே பெரும்பாலும் சரி செய்துகொள்ளும். ஆகவே, காலத்தில் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

பாட்டி காலத்துக் "கட்டி"

இந்த நோய் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிது அல்ல.

வயதான பாட்டிமாரைக் கேளுங்கள். "ஈரல் குலைக் கட்டி" என்று சொல்வார்கள். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிறு உப்பும். கை கால் மெலியும். எதற்கெடுத்தாலும் அழும். பிறகு காமாலை. சில மாதங்களில் குழந்தை போய்விடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் இப்படி இறந்தது உண்டு.

1887-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஒரு டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதினார். இந்தியாவில் மட்டும் அதிகமாகக் காணப்பட்டதால் "இந்தியக் குழந்தை சிரோசிஸ்" என்றே உலகம் பெயர் வைத்தது.

காரணம் என்ன? சுமார் நூறு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

இறந்த குழந்தைகளின் ஈரலைச் சோதித்தபோது, அதில் தாமிரம் அளவுக்கு மீறி இருந்தது தெரிய வந்தது. தாமிரம் எங்கிருந்து வந்தது?

1980-களில் புனா நகரத்து டாக்டர்களும் இங்கிலாந்திலிருந்து வந்த டானர் என்ற டாக்டரும் சேர்ந்து விசாரித்தார்கள். நோய் கண்ட குழந்தைகளின் வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் மாட்டுப் பாலைக் காய்ச்சி வைத்திருந்து கொடுத்தார்கள். பாத்திரத்திலிருந்த தாமிரம் பாலில் இறங்கியது. பாலோடு குழந்தையின் ஈரலுக்குப் போனது!

கடல் கடந்தும் இதே கதை நடந்திருக்கிறது. ஆஸ்திரியா நாட்டில் டிரோல் என்ற மலைப் பகுதியில், 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரி இறந்தார்கள். அங்கே செம்புப் பாத்திரத்தில் பால் காய்ச்சினார்கள். பாத்திரம் மாறியது. நோய் மறைந்தது.

நம் நாட்டிலும் அதேதான் நடந்தது. வீடுகளில் எவர்சில்வர் வந்தது. "கட்டி" போய்விட்டது. இன்று மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்த நோயைப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்தில் புட்டி புட்டியாக ஈரல் மருந்து விற்றது. குழந்தைகளைக் காப்பாற்றியதோ ஒரு பாத்திரம்! இதை மறக்கக் கூடாது. காரணம் தெரிந்தால் வைத்தியம் வீட்டிலேயே தொடங்கிவிடும்.

இன்று எந்தக் குழந்தைக்கு ஆபத்து?

பழைய "கட்டி" போனாலும் ஈரலைக் கெடுக்கும் வேறு நோய்கள் இருக்கின்றன.

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் பித்தக் குழாய் அடைத்துவிடுகிறது. பித்தநீர் குடலுக்கு இறங்காமல் ஈரலுக்குள்ளேயே தேங்குகிறது. சில மாதங்களிலேயே தழும்பு முற்றிவிடும்.

வில்சன் நோய் என்று ஒன்று. பாத்திரத்தில் குற்றம் இல்லை. உடம்பே தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் ஈரலில் சேர்க்கிறது. பரம்பரை நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம்.

ஹெபடைடிஸ்-பி என்ற கிருமி, தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்குத் தொற்றுகிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி இலவசம்.

இவற்றை எல்லாம்விட வேகமாகப் பெருகி வருவது, கொழுப்பு ஈரல்.

சாராயம் தொடாத பிள்ளைக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று கேட்கலாம். பருமனும், இனிப்புப் பானமும், ஓட்டம் ஆட்டம் இல்லாத வாழ்க்கையும் சேர்ந்தால் போதும். ஈரலில் கொழுப்புப் படிகிறது.

2022-ம் ஆண்டு டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள், இந்தியாவில் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆய்வு செய்யப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு ஈரலில் கொழுப்பு!

இந்த எண்ணைப் பார்த்துக் கிலி அடைய வேண்டாம். ஆய்வுகளில் பருமனான குழந்தைகள் நிறைய இருந்தார்கள். பருமன் இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு 12 பேர். பருமனான குழந்தைகளில் நூற்றுக்கு 63 பேர். கொழுப்பு வேறு, தழும்பு வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொழுப்பு உள்ள எல்லாருக்கும் தழும்பு விழுவதில்லை. ஒரு பகுதியினருக்குத்தான் விழுகிறது.

அந்த ஒரு பகுதியினர் யார்? இதுதான் இன்றைய கேள்வி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் யாருக்குத் தழும்பு என்று பார்க்க, எல்லார் ஈரலிலும் ஊசி ஏற்ற முடியுமா?

ஊசியின் கதை

ஈரலில் ஊசியை ஏற்றிச் சோதிக்கும் முறையை 1883-ல் ஜெர்மனியில் தொடங்கினார்கள். 1958-ல் மெங்கினி என்ற இத்தாலிய டாக்டர், ஒரே நொடியில் துணுக்கை எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு அது உலகம் எங்கும் பரவியது.

இன்றும் அதுதான் கடைசித் தீர்ப்பு. ஆனால் குழந்தைகளுக்கு அது லேசான காரியம் அல்ல. மயக்க மருந்து கொடுக்க வேண்டும். பல மணி நேரம் அசையாமல் படுக்க வைக்க வேண்டும். அபூர்வமாக ரத்தக் கசிவு ஏற்படலாம். நோய் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க அடிக்கடி செய்ய முடியாது.

முத்துச் சோதனையின் இரண்டாவது கஷ்டமும் இதில் உண்டு. ஊசியில் வரும் துணுக்கு, முழு ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த இடத்தில் தழும்பு இல்லாமல் பக்கத்தில் இருந்தால்?

பெற்றோரின் பயம் இதைவிடப் பெரிது. "ஈரலில் ஊசியா? வேண்டாம், டாக்டர்!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போது காலம் கடந்துவிடுகிறது.

ரத்தத்தில் கணக்கு

ஈரல் புண்படும்போது அதிலுள்ள சில பொருள்கள் ரத்தத்தில் கசிகின்றன. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அவற்றுக்குப் பெயர். சாதாரண ஈரல் பரிசோதனையிலேயே இந்த இரண்டும் வந்துவிடும்.

இன்னொன்று, ரத்தத் தட்டணு. பிளேட்லெட் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். தழும்பு முற்றினால் இது குறையும். ஏன்? வாய்க்கால் உதாரணத்தை நினைத்துப் பாருங்கள். ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

தழும்பு கூடக் கூட முதல் எண் ஏறும். இரண்டாவது எண் இறங்கும். இரண்டையும் சேர்த்து 2003-ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். "ஏப்ரி" என்று அதைச் சொல்கிறார்கள்.

கணக்கு மிகச் சுலபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையே போட்டுவிடலாம்.

ஒரு பிள்ளைக்கு ஏ.எஸ்.டி. 80 என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக் கூடத்தின் மேல் அளவு 40. எண்பதை நாற்பதால் வகுத்தால் 2. நூறால் பெருக்கினால் 200. தட்டணு 2 லட்சம், அதாவது 200 ஆயிரம். இருநூறை இருநூறால் வகுத்தால் விடை 1.

இன்னொரு பிள்ளைக்கு ஏ.எஸ்.டி. 30. தட்டணு 3 லட்சம். முப்பதை நாற்பதால் வகுத்து, நூறால் பெருக்கினால் 75. அதை முந்நூறால் வகுத்தால் விடை கால்.

முதல் பிள்ளையை உடனே கவனிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு இப்போது அவசரம் இல்லை.

2024-ல் உலக சுகாதார நிறுவனம் ஹெபடைடிஸ்-பி நோய்க்குப் புதிய விதிகளை வெளியிட்டது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு அரைக்கு மேல் போனால், ஈரலில் குறிப்பிடத்தக்க தழும்பு இருப்பதாகக் கொள்ளலாம் என்று அதில் சொன்னது. ஒன்றுக்கு மேல் போனால் சிரோசிஸ் ஆக இருக்கலாம். பெரிய மெஷின் வேண்டாம். பட்டணத்துக்கு ஓட வேண்டாம். அதனால்தான் ஏழை நாடுகளுக்கு இந்தக் கணக்கு பெரிய உதவி.

ஆனால், குழந்தைகளுக்கு இப்படி ஒரே கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. முற்றிய தழும்பை இந்தக் கணக்கு ஓரளவு நன்றாகக் காட்டுகிறது. ஆரம்பத் தழும்பில் சறுக்கிவிடுகிறது. நோய்க்கு நோய் எல்லையும் மாறுகிறது.

மூன்று இடங்களில் ஏமாற வேண்டாம்

முதலாவது, டெங்கு. மழைக்காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் காய்ச்சலைத் தெரியும். டெங்கு வந்த குழந்தைக்குத் தட்டணு 50 ஆயிரத்துக்கு இறங்கலாம். ஏ.எஸ்.டி. 160-க்கு ஏறலாம். கணக்குப் போட்டால் விடை 8! "ஐயோ, ஈரல் போய்விட்டதே!" என்று பதற வேண்டியதில்லை. அது காய்ச்சல் செய்த வேலை. தழும்பு அல்ல. ஆகவே காய்ச்சல் நேரத்து ரத்தத்தை வைத்துத் தழும்பைக் கணிக்கக் கூடாது. குழந்தை நன்றாகத் தேறிய பிறகு பார்க்க வேண்டும். சதை நோய் உள்ள குழந்தைகளுக்கும் ஏ.எஸ்.டி. உயரும். அது ஈரலில் மட்டும் அல்ல, சதையிலும் இருக்கிறது.

இரண்டாவது, வயது. பெரியவர்களுக்கு "பிப்-4" என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. அதில் வயதையும் பெருக்குகிறார்கள். 48 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கில் 2.4 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு 1.3-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. ஆகவே டாக்டர் மேலே விசாரிப்பார். அதே ரத்தம், அதே எண்கள், 8 வயதுக் குழந்தைக்கு என்றால்? விடை 0.4 தான்! பார்ப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஈரல் நன்றாக இருந்ததால் எண் குறையவில்லை. வயது குறைவு என்பதால் குறைந்தது. பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டிய கதை!

மூன்றாவது, காகிதத்தில் அச்சடித்த மேல் அளவு. பல பரிசோதனைக் கூடங்கள் ஏ.எல்.டி.க்கு மேல் அளவு 40 என்று அச்சடிக்கின்றன. அது பெரியவர்களுக்கு உரியது. 2017-ல் வட அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தார் கொழுப்பு ஈரலுக்காக வெளியிட்ட விதிகளில், பெண் குழந்தைக்கு 22, ஆண் குழந்தைக்கு 26 என்று எல்லை வைத்தார்கள். அந்த எல்லைக்கு இரண்டு மடங்கு மேலே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் விசாரிக்க வேண்டும். 80-ஐத் தாண்டினால் தாமதம் கூடாது. பருமனான பெண் குழந்தைக்கு 38 இருந்தால் காகிதத்தில் "சரி" என்றுதான் இருக்கும். டாக்டரிடம் காட்டினால்தான் உண்மை தெரியும்.

இந்த மூன்றையும் படித்துவிட்டு, "அப்படியானால் ரத்தப் பரிசோதனையே வீணா?" என்று கேட்க வேண்டாம். வீண் அல்ல. ஒரு நாள் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு. குழந்தைகள் டாக்டர் பல நாள் எண்களை வரிசையாக வைத்துப் பார்த்து, வயிற்றையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்வார்.

மற்ற வழிகள்

தழும்பாகச் சேரும் பொருள்களையே ரத்தத்தில் நேராக அளக்கும் பரிசோதனைகளும் இருக்கின்றன. அவை விலை உயர்ந்தவை. குழந்தைகளிடம் அவற்றுக்கு ஒரு சங்கடம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதாலும் அந்தப் பொருள்களில் சில ரத்தத்தில் கூடுகின்றன. தழும்பா, வளர்ச்சியா என்று பிரிப்பது சிரமம். விஞ்ஞானிகள் வயதுவாரியாக எல்லை வகுக்கப் பாடுபட்டு வருகிறார்கள்.

பித்தக் குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்க, எம்.எம்.பி.-7 என்ற ரத்தப் பொருள் உதவும் என்று 2017-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து டாக்டர்கள் எழுதினார்கள். அது நல்ல பலன் காட்டி வருகிறது.

பைப்ராஸ்கேன் என்ற மெஷினும் உண்டு. தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றலா, இளசா என்று சொல்கிறோம் அல்லவா? அதைப் போல விலாவின் மேல் லேசாகத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. ஈரல் கெட்டியாக இருந்தால் அதிர்வு வேகமாக ஓடும். வலி இல்லை. ரத்தக் கணக்கும் இதுவும் ஒரே முடிவைச் சொன்னால் டாக்டருக்குத் தைரியம் வருகிறது. இரண்டும் முரண்பட்டால், அப்போது ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

ஆக, ஊசி ஒழிந்துவிடவில்லை. வேண்டாத இடத்தில் அதைத் தவிர்க்க முடிகிறது. வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்த முடிகிறது.

உப்பளத்து வீட்டுக்கு என்ன லாபம்?

ஓர் உப்பளத் தொழிலாளியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. குழந்தையைக் காட்டச் சென்னைக்குப் போக வேண்டும் என்றால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். தாயும் தகப்பனாரும் இருவருமே போக வேண்டும். இரண்டு கூலி போச்சு. வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது ஒரே பதில்தான். "பட்டணத்துக்கு உடனே போக வேண்டுமா? இங்கேயே இருந்து கவனித்தால் போதுமா?"

மேலே சொன்ன ரத்தக் கணக்கு அந்தப் பதிலுக்கு உதவுகிறது. ஏ.எஸ்.டி.யும் தட்டணுவும் சாதாரணப் பரிசோதனைகள். தூத்துக்குடியில் 2000-ம் ஆண்டு முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. எண் மோசமாக இருக்கும் குழந்தையை அங்கிருந்து மேலிடத்துக்கு அனுப்பலாம். எண் நன்றாக இருக்கும் குழந்தையைச் சொந்த ஊரிலேயே வைத்துக் கவனிக்கலாம். யாரை அனுப்புவது என்பதைப் பிரித்துக் காட்டுவதே இந்தக் கணக்கின் பெரிய உபயோகம்.

மத்திய அரசாங்கம் 2021-ல் கொழுப்பு ஈரலைத் தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் அதற்குப் புதிய வழிமுறைகளை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால், பெரியவர்களுக்கு வகுத்த கணக்கை அப்படியே குழந்தைகளுக்கும் போட்டுவிடக் கூடாது. 2013 முதல் பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் டாக்டர்கள் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. அவர்கள் எடை பார்க்கும்போதே, ஈரல் பரிசோதனை யாருக்குத் தேவை என்றும் குறித்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பரிசோதனைக் காகிதத்தில் குழந்தைகளுக்கு உரிய எல்லையைத் தனியாக அச்சடிக்கவும் பெரிய செலவு ஆகாது. இந்த இரண்டையும் அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிறந்த குழந்தைக்குக் காமாலை சகஜம். ஆனால் 14 நாளைக்கு மேலும் கண் மஞ்சளாக இருந்தால் சும்மா இருக்கக் கூடாது. வெயிலில் காட்டினால் போய்விடும் என்று நாள் கடத்தக் கூடாது. மலத்தின் நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேர் பிலிருபின் என்ற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பித்தக் குழாய் அடைப்புக்கு, 1950-களில் ஜப்பானிய டாக்டர் கசாய் கண்டுபிடித்த ஆபரேஷன் இருக்கிறது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். நாள் ஆக ஆகப் பலன் குறையும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மாதம் பார்ப்போம் என்று இருந்தால், அந்த ஒரு மாதத்தில் ஈரல் தழும்பாகிவிடும்.

நாள் தவறியவர்கள் மனம் உடைய வேண்டாம். 1998 நவம்பரில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு, டெல்லி அப்போலோ ஆஸ்பத்திரியில் தகப்பனாரின் ஈரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தை ஈரல் மாற்று ஆபரேஷன் அதுதான். பித்தக் குழாய் அடைப்போடு பிறந்த அந்தக் குழந்தை, வளர்ந்து இன்று ஒரு டாக்டர்!

பருமனான பிள்ளையா? ஒன்பது, பத்து வயதில் ஒரு முறை ஏ.எல்.டி. பார்த்துவிடுங்கள். எண் கூடியிருந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வீட்டைப் பாருங்கள். விசேஷ நாளில் ஒரு மக்ரூன் தின்றால் குடி முழுகிவிடாது. தினமும் குளிர்பானம், தினமும் பாக்கெட் பலகாரம், ராத்திரி பரோட்டா என்று இருந்தால்தான் ஆபத்து. சாயங்காலம் பிள்ளையை விளையாட விடுங்கள். எடை கொஞ்சம் குறைந்தாலே ஈரலின் கொழுப்பு குறையத் தொடங்கும். சில மாதம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் மறுபடி ரத்தம் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

காரணம் தெரியாத காமாலை வந்து வந்து போகிறதா? வயிறு வீங்குகிறதா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் திடீரென்று கையெழுத்து மாறி, பேச்சுக் குழறுகிறதா? வில்சன் நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அது இருந்தால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

பரிசோதனைக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். தேதிவாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒரு காகிதத்தில் தெரியாத நோய் நாலு காகிதத்தில் தெரிந்துவிடும். எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் டாக்டருக்கு வேண்டிய செய்தி.

முத்துக் குளித்த காலத்தில் சிப்பியைத் திறக்காமல் உள்ளே பார்க்க முடியவில்லை. குழந்தையின் ஈரலை இப்போது திறக்காமலே ஓரளவு பார்க்க முடிகிறது. அந்த வசதி முத்தையாபுரத்துக்கு அருகிலேயே வந்துவிட்டது. குழந்தையின் கண் மஞ்சளாக இருக்கும்போது நாளை என்று தள்ளிப் போடாமல் இருப்பது நம் பொறுப்பு.